பதிவு நாடாவும் ஆக்கியோன் பெயரும்: ஜார்ஜ் ஹாரிசனின் 'எலக்ட்ரானிக் சவுண்ட்' எழுப்பும் அறவினா

முன்னுரை

ஒரு படைப்பு யாருடையது என்னும் வினா இலக்கிய ஆய்வுக்குப் புதியதன்று. ஒரே பெயர் கொண்ட புலவர் பலர், இயற்பெயர் மறைந்து தம் பாட்டில் வந்த தொடரையே பெயராகப் பெற்ற சங்கப் புலவர்கள், இடைச்செருகல்கள், பாடவேறுபாடுகள் எனப் பல முனைகளில் இவ்வினா தமிழாய்வில் எழுந்துள்ளது. அவற்றில் பெரும்பாலும் சிக்கலுக்குக் காரணம் சான்று கிடைக்காமையே ஆகும். இடம், காலம், கருவி, உடனிருந்தோர் ஆகிய அனைத்தும் தெரிந்த பின்னும் ஆக்கியோன் யார் என்பது தீராத வழக்கு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் ஒலிப்பதிவு வரலாற்றில் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் முதன்மைக் கிதார் கலைஞரான ஜார்ஜ் ஹாரிசன் 1969 மே மாதம் தம் பெயரில் வெளியிட்ட 'எலக்ட்ரானிக் சவுண்ட்' என்னும் சோதனை முயற்சி இசைத்தட்டே அது. பிறர் ஆக்கத்திலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வது எப்போது கடனாகிறது, எப்போது கவர்வாகிறது என்னும் அறவினாவை அத்தட்டை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிதார் இல்லாத தட்டு

'எலக்ட்ரானிக் சவுண்ட்' ஹாரிசனின் இரண்டாவது தனித்தட்டு. பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் நிறுவனம் சோதனை முயற்சிகளுக்கென்றே 'ஜாப்பிள்' என்னும் துணைப் பிரிவைத் தொடங்கியது. அப்பிரிவிலிருந்து வெளிவந்தவை இரண்டே தட்டுகள். ஒன்று ஜான் லெனனும் யோகோ ஓனோவும் இணைந்து செய்தது, மற்றொன்று இது. அவ்வாண்டிலேயே அப்பிரிவு மூடப்பட்டது.

தட்டில் பாட்டு இல்லை, சொல் இல்லை, தாளக்கட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கிதார் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட ஒலித்தொடர்கள் மட்டுமே உள்ளன. முதலாவதான 'அண்டர் த மெர்சி வால்' பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்டது; இரண்டாவதான 'நோ டைம் ஆர் ஸ்பேஸ்' இருபத்தைந்து நிமிடம் நீள்வது. இரண்டும் மோக் சின்தசைசர் என்னும் ஒரே மின்கருவியில் எழுப்பப்பட்டவை. காற்றின் இரைச்சல் போலவும், சங்கொலி போலவும், உலோகம் உராய்வது போலவும் ஒலிகள் வந்து மறைகின்றன.

தட்டின் பெயர்கள் தொடர்பான செய்திகள் இங்குக் கருதத்தக்கவை. முதல் தொடரின் தலைப்பு, லிவர்பூல் நகர நாளிதழ் ஒன்றில் ஜார்ஜ் ஹாரிசன் என்னும் அதே பெயருடைய வேறொரு பத்திரிகையாளர் எழுதிவந்த பத்தியின் தலைப்பைச் சற்றே மாற்றி அமைக்கப்பட்ட விளையாட்டாகும். அமெரிக்கப் பதிப்பில் இரு தொடர்களின் தலைப்புகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறி அச்சாயின. பாட்டும் சொல்லும் இல்லாத தட்டில் எந்தத் தலைப்பு எந்த ஒலிக்குரியது என்பதைக் கேட்பவர் தம் செவியால் மட்டும் தீர்மானிக்க முடியாது. எனவே, தட்டின் உறையில் அச்சான சொற்களுக்கு இங்கு வழக்கத்தினும் மிகுந்த பொறுப்பு ஏற்பட்டுவிடுகிறது. ஒலி தன்னை ஆக்கியவர் யாரென்று சொல்லாதபோது, உறை சொல்வதே சான்றாகிறது.

உறை சொல்வது யாது? அட்டை ஓவியம் ஹாரிசன் தாமே தீட்டியது. முதல் தொடர் 1969 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஈஷர் ஊரில் அவர் இல்லத்தில், ரூபர்ட், ஜாஸ்டிக் ஆகிய இருவரின் உதவியுடன் பதிவானது என உறை குறிப்பிடுகிறது. அவ்விருவரும் அவர் வளர்த்த சயாமியப் பூனைகள். இரண்டாவது தொடர் 1968 நவம்பரில் கலிபோர்னியாவில் பெர்னி கிரவுஸ் உதவியுடன் பதிவானது எனக் குறிக்கப்பட்டுள்ளது. பூனைகளுக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லே பயன்பட்டிருப்பது நோக்கத்தக்கது. முதலாவதில் அச்சொல் வேடிக்கை. இரண்டாவதில் அதுவே வழக்கின் மையம்.

மோக் கருவியும் நிலைபெறா ஒலியும்

வழக்கின் தன்மையை உணரக் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் 1964 அளவில் உருவாக்கிய இக்கருவியில் ஒலியைப் பிறப்பிக்கும் அலையியற்றிகள், அவ்வொலியின் சில கூறுகளை நீக்கும் வடிப்பான்கள், ஒலி எழுந்து அடங்கும் முறையை வகுக்கும் உறுப்புகள் ஆகியன தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். அவற்றைக் கம்பிகளால் இணைத்து, குமிழ்களைத் திருப்பி, மின்னழுத்தத்தை மாற்றுவதன் வழியே ஒலி உருவாகிறது. விசைப்பலகை உண்டு, எனினும் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும்.

கிதாரிலோ வீணையிலோ நரம்பை மீட்டும் விரலின் பயிற்சி ஒலியில் தெரியும். மோக் கருவியில் கலைஞரின் பயிற்சி, எந்தக் கம்பியை எங்கே செருகுவது, எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்னும் தேர்வில் உள்ளது. அத்தேர்வைக் கண்டடையப் பல மணி நேரம் ஆகலாம். ஆனால், அக்காலக் கருவிக்கு நினைவகம் கிடையாது. கம்பிகளைப் பிடுங்கிவிட்டால் அந்த ஒலி அப்படியே மீண்டும் கிடைப்பது அரிது. அதனை எழுதிவைக்க இசைக்குறிப்பும் போதாது. ஆகவே, அவ்வொலிக்கு உள்ள ஒரே ஏடு பதிவு நாடாதான். நாடா யார் கையில் உள்ளதோ அவர் கையிலேயே பாடமும் உள்ளது.

1960களின் பிற்பகுதியில் இக்கருவியை முறையாக இயக்க அறிந்தோர் மிகச் சிலரே. அமெரிக்க மேற்குக் கடற்கரையில் அவர்களுள் முதன்மையானோர் பால் பீவரும் பெர்னி கிரவுஸும் ஆவர். இருவரும் 1967இல் மான்ட்டரே இசைவிழாவில் கருவியை மக்கள் முன் வைத்தனர். 1968இல் மின்னிசைக்கான வழிகாட்டியாக ஒரு தட்டுத் தொகுதியும் வெளியிட்டனர். கிரவுஸும் அடிப்படையில் கிதார் கலைஞரே. 'வீவர்ஸ்' என்னும் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடல் குழுவில் 1963இல் சேர்ந்து பாடியவர். பிறருக்குக் கருவியை இயக்கிக் காட்டுவதும், அதனை வாங்க வைப்பதும், இசைப்பதிவுகளில் இயக்கித் தருவதும் அவர் தொழிலாயின.

கிரவுஸின் முறையீடு

1968 நவம்பரில் ஹாரிசன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஜாக்கி லோமாக்ஸ் என்னும் பாடகரின் தட்டைத் தயாரித்து வந்தார். மோக் ஒலிகளைச் சேர்க்கும்பொருட்டு கிரவுஸ் அழைக்கப்பட்டார். பின்னர் நிகழ்ந்ததைக் கிரவுஸ் 1998இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். பணி முடிந்த பின் கருவியை இயக்கிக் காட்டும்படி ஹாரிசன் கேட்டார். தாமும் பீவரும் அடுத்து வெளியிடக் கருதியிருந்த தட்டுக்கெனக் கண்டுவைத்திருந்த சில ஒலியமைப்புகளையும் கிரவுஸ் அப்போது இயக்கிக் காட்டினார். பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தம்மிடம் இசைவு பெறவில்லை என்கிறார் அவர். 1969 தொடக்கத்தில், ஹாரிசன் வாங்கிய மோக் கருவியை அமைத்துத் தருவதற்காக இங்கிலாந்து சென்றபோது, அவர் இல்லத்தில் அந்த நாடாவை வெளியிடவிருக்கும் தட்டின் பகுதியாகக் கேட்க நேர்ந்தது. தம் ஒலிகளை அடையாளம் கண்டு மறுப்புத் தெரிவித்தும் பயன் விளையவில்லை என்பது அவர் கூற்று. தட்டின் முன்னட்டையில் அச்சாகவிருந்த தம் பெயரை நீக்குமாறு கிரவுஸே வேண்டியதால் அது வெள்ளிநிறப் பூச்சால் மறைக்கப்பட்டது. உள்ளே உதவியாளர் என்னும் குறிப்பு மட்டும் எஞ்சியது.

இது ஒரு தரப்பின் கூற்று; நீதிமன்றத் தீர்ப்பன்று. எனினும், ஒலித்தொடர் பதிவான மாதமும் மாநிலமும் கிரவுஸ் உடனிருந்தமையும் தட்டின் உறையிலேயே உள்ளன. எனவே, நிகழ்வைப் பற்றிய வேறுபாட்டைக் காட்டிலும், நிகழ்வுக்கு எப்பெயர் இடுவது என்பதே இங்குச் சிக்கல். அதே இருபத்தைந்து நிமிட ஒலிக்கு ஒருவர் 'என் செய்முறை விளக்கம்' என்றும், மற்றொருவர் 'என் படைப்பு' என்றும் பெயரிட்டனர்.

ஹாரிசன் தரப்பில் கூறத்தக்கவை

நடுவுநிலையான ஆய்வு எதிர்த்தரப்பின் வலிமையையும் எடைபோட வேண்டும். ஹாரிசன் தரப்பில் மூன்று வாதங்களை முன்வைக்க இயலும்.

முதலாவது, இசைப்பதிவுக்கூடத்தில் செய்யப்படும் தனித்தட்டு எதுவுமே தனி ஒருவரால் ஆவதன்று. ஒலிப்பொறியாளர், பின்னணி இசைப்போர், கருவி செய்தோர் எனப் பலர் கை அதில் உண்டு. அட்டையில் நிற்கும் ஒரு பெயர், பொறுப்பேற்பவரின் பெயரே. இவ்வாறு நோக்கின் 'உதவியுடன்' என்னும் குறிப்பே போதும் எனலாம். இவ்வாதம் ஓரளவே பொருந்தும். உதவி என்பது மற்றொருவர் செய்யும் செயலுக்குத் துணைபுரிவதாகும். செயலையே செய்தவரை உதவியாளர் எனல் சொல்லின் பொருளைத் திரிப்பதாகும். கிரவுஸின் கூற்று உண்மையாயின், அங்குக் கருவியை இயக்கியவர் அவர்; கேட்டிருந்தவர் ஹாரிசன்.

இரண்டாவது, தேர்ந்தெடுப்பதும் படைப்பே என்பது. 1917இல் மார்செல் தூஷாம்ப் கடையில் வாங்கிய சிறுநீர்க் கோப்பை ஒன்றைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு அனுப்பியது முதல், கண்டெடுத்த பொருளைக் கலையாக நிறுத்துவது மேலைக் கலையுலகில் ஏற்கப்பட்ட வழி. கிரவுஸ் விற்பனைக்கான விளக்கமாக எழுப்பிய ஒலியைக் கலையாகக் கேட்கலாம் எனக் கண்டவர் ஹாரிசன். ஆகவே அக்காட்சி அவருடையது எனலாம். இது வலிய வாதம். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அக்கோப்பை விலைக்கு விற்கப்பட்ட பொருள். அதைச் செய்த ஆலை அதன்மேல் மேலும் உரிமை கோரவில்லை. அதைத் தன் கலையாக வெளியிடும் எண்ணமும் அதற்கு இல்லை. கிரவுஸோ தம் ஒலிகளைத் தம் தட்டுக்கென வைத்திருந்தார். ஒருவர் விட்டுச்சென்றதை எடுப்பதும், அவர் வைத்திருந்ததை எடுப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, பயன் இல்லாத இடத்தில் தீங்கும் இல்லை என்பது. தட்டு விற்பனையில் எடுபடவில்லை. ஹாரிசன் அதனால் செல்வம் ஈட்டவில்லை. இவ்வாதம் தீங்கைப் பணத்தால் மட்டும் அளக்கிறது. கிரவுஸ் இழந்தது ஊதியம் மட்டுமன்று. தம் ஒலி முதன்முதலாக உலகை அடையும் காலத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்கும் உரிமையை அவர் இழந்தார். கருவியை விற்க வேண்டிய நிலையில் இருந்த செய்முறையாளர் ஒருவர், உலகப் புகழின் உச்சியில் இருந்த குழுவின் கலைஞர் ஒருவர் என இருவருக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வும் மறக்கத்தக்கதன்று. இசைவு கேட்கப்படாதபோது மறுக்கவும் வழியில்லை. பின்னர் மறுத்தாலும் கேட்பார் இல்லை.

கொடை, கவர்வு, கலப்பு: மூன்று நிகழ்வுகள்

ஹாரிசனைக் கள்வர் எனக் கூறி இவ்வழக்கை முடிப்பது எளிது, ஆனால் பிழை. அவர் வாழ்வின் அக்காலப் பகுதியிலேயே பிறர் ஆக்கத்தை அவர் எடுத்துக்கொண்ட வேறு இரு நிகழ்வுகள் உள்ளன. மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால்தான் அறவினா தெளிவு பெறும்.

முதல் நிகழ்வு 1968 மார்ச்சில் வெளிவந்த 'தி இன்னர் லைட்' என்னும் பாட்டு. இதன் இசைப்பகுதி அவ்வாண்டு ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. கூடத்தில் இந்திய இசைக்கலைஞர்களைக் கொண்டு பதிவானது. பாட்டின் சொற்கள் பெரும்பாலும் சீன ஞானநூலான தாவோ தே ஜிங்கின் நாற்பத்தேழாம் பகுதியைத் தழுவியவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வடமொழி கற்பித்த யுவான் மஸ்காரோ தாம் தொகுத்த நூலை ஹாரிசனுக்கு அனுப்பி, அதிலுள்ள அப்பகுதிக்கு இசையமைக்கலாமே எனக் கடிதம் எழுதியதன் விளைவே அப்பாட்டு. தட்டில் பாட்டின் ஆசிரியராக ஹாரிசன் பெயர் மட்டுமே உள்ளது. எடுத்தது மிகுதி, சொல்லும் கருத்தும் பிறருடையவை. ஆயினும் அது கவர்வு ஆகாது. ஏனெனில் மொழிபெயர்த்தவரே மனமுவந்து கொடுத்தார். குறை கூறுவதாயின் பெயர் சுட்டாமையை மட்டுமே கூறலாம்.

இரண்டாம் நிகழ்வு 'எலக்ட்ரானிக் சவுண்ட்'. இதில் பெயர் ஓரளவு சுட்டப்பட்டது; ஆனால், கிரவுஸின் கூற்றுப்படி கொடுக்கப்படவில்லை. முன்னதில் இசைவு இருந்தது, பெயர் இல்லை. இதில் பெயர் இருந்தது, இசைவு இல்லை. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது பெயரினும் இசைவே அடிப்படை என்பது புலனாகிறது. கிரவுஸ் தம் பெயரை நீக்கச் சொன்னதன் பொருளும் அதுவே. இசைவின்றி எடுத்ததற்குப் பின் இடப்படும் பெயர் நன்றியறிதல் ஆகாது; எடுத்ததற்கு உடந்தையாகிவிடும்.

மூன்றாம் நிகழ்வு 1970இல் வெளிவந்த 'மை ஸ்வீட் லார்ட்'. அப்பாட்டு, ரானி மேக் இயற்றி சிஃபான்ஸ் குழுவினர் 1963இல் பாடிய 'ஹீஸ் சோ ஃபைன்' பாட்டின் மெட்டைக் கொண்டுள்ளது என வழக்குத் தொடரப்பட்டது. 1976இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் ஓவன், ஹாரிசன் அறிந்து எடுக்கவில்லை, அடிமனத்தில் தங்கிய மெட்டு அவரை அறியாமலே வெளிப்பட்டது எனக் கண்டும், உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தார். வழக்கின் கிளைகள் 1990களின் இறுதிவரை நீண்டன.

மூன்றனுள் நீதிமன்றம் குற்றமெனக் கண்டது மூன்றாவதை மட்டுமே. திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் களவின் தோற்றுவாயை உள்ளத்தில் வைக்கிறது. பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்வோம் என எண்ணுவதையே அது தீதென்கிறது. அவ்வளவுகோலின்படி நோக்கினால், எண்ணமே இல்லாத இடத்தில் தண்டமும், எண்ணம் ஆராயப்பட வேண்டிய இடத்தில் அமைதியும் நேர்ந்துள்ளன. சட்டமும் அறமும் இவ்வாறு எதிரெதிர்த் திசையில் நிற்பதற்குக் காரணம் யாது?

சட்டத்தின் கண் படாத இடம்

மெட்டை எழுத முடியும்; இரு மெட்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியும். 'மை ஸ்வீட் லார்ட்' வழக்கில் நீதிபதி இரு சிறு இசைத்தொடர்களைப் பிரித்து எடுத்து ஒப்புநோக்கியே முடிவுக்கு வந்தார். 'நோ டைம் ஆர் ஸ்பேஸ்' தொடரில் அவ்வாறு பிரித்தெடுக்க மெட்டு இல்லை. அக்கால அமெரிக்க நடைமுறையில் இசையாக்கம் ஒன்றைப் பதிவுசெய்ய எழுதிய இசைக்குறிப்பு தேவைப்பட்டது. ஒலிப்பதிவுக்குக் கூட்டாட்சி அளவிலான பதிப்புரிமையே 1972 பிப்ரவரி 15 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒலிப்பதிவுக்கு உரிமை வழங்கியது. ஆனால், பதிவானபோது மூலப்பதிவு யாருக்கு உடைமையோ அவரையே பதிவைச் செய்தவராகக் கொண்டது. அதாவது, ஒலித்தவரை விட்டு நாடாவை உடையவரைச் சட்டம் பார்த்தது.

இந்நிலை அயல்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இன்று நடைமுறையில் உள்ள வடிவிலும், ஒலிப்பதிவின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே குறிக்கிறது. நிகழ்த்துவோருக்கெனத் தனி உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. தம் நிகழ்த்துகைக்குத் தம் பெயர் சுட்டப்பட வேண்டும் எனக் கோரும் உரிமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. எழுதப்பட்டதை உடைமையாகக் காணச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. நிகழ்த்தப்பட்டதை அவ்வாறு காண அது மிகத் தாமதமாகவே கற்றது. வாய்மொழியும் நிகழ்த்துகையும் மிகுந்த பண்பாடுகளுக்கு இத்தாமதம் பேரிழப்பாகும்.

ஆக்கியோன் பெயரும் வழியும்

சட்டம் அளக்க இயலாததை அளக்கும் கோல் தமிழ் நூன்மரபில் உண்டு. நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறார். பிறர் நூலைத் தழுவுவது இப்பகுப்பில் குறையாகக் கருதப்படவில்லை. நூல் தோன்றும் இயல்பான முறைகளுள் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. முன்னோர் சூத்திரத்தை அப்படியே எடுத்தாள்வதற்கும் நன்னூல் காரணம் கூறுகிறது: முன்னோர் கருத்தோடு அவர்தம் சொல்லையும் பொன்போலப் போற்றுவதைக் காட்டவே அவ்வாறு செய்யப்படுகிறது. ஆகவே தமிழ் மரபு எடுத்தாளுதலைத் தடுப்பதன்று. அது வேண்டுவது வேறொன்று. சிறப்புப் பாயிரத்தில் அமைய வேண்டியவற்றைத் தொகுக்கும்போது ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' வைக்கப்பட்டுள்ளது. நூலைச் செய்தவர் யார் என்பதைச் சொன்னவுடன், அது எதன் வழிப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இராமகாதைக்கு முன்னோர் மூவரைச் சுட்டி அவர்களுள் முதல்வரைத் தாம் பின்பற்றுவதாகக் கம்பர் கூறுவது இம்மரபின்பாற்பட்டதே. ஏட்டுச்சுவடிகளை வழங்கியோரை உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் பெயர் சுட்டி நினைத்தமையும் இதன் தொடர்ச்சி எனலாம்.

பாயிரம் செய்தற்குரியோர் யாவர் என்பதும் இங்குப் பொருந்தும். ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே அதனைச் செய்ய வேண்டும் என்பது நன்னூல் கருத்து. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். நூலின் தோற்றத்தைப் பற்றிச் சொல்ல வெளியிலிருந்து ஒரு சான்றாளர் இருத்தல் வேண்டும் என்னும் பயனும் இதனால் விளைகிறது. இசைத்தட்டின் உறையை ஒருவகைப் பாயிரமாகக் கொண்டால், 'எலக்ட்ரானிக் சவுண்ட்' தட்டின் உறை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட பாயிரம். வழி கூற வேண்டிய இடத்தில் அது துணையைக் கூறிற்று. சான்றாளராக இருந்திருக்க வேண்டியவர் பெயர் வெள்ளிப்பூச்சின் கீழ் மறைந்தது.

பிறர் கவியைத் தம்முடையதெனக் கூறுவோனைப் பாட்டியல் நூல்கள் கள்ளக்கவி எனப் பெயரிட்டன. ஹாரிசனுக்கு அப்பெயர் பொருந்துமா எனின், முழுதும் பொருந்தாது. வழி என்பதன் மதிப்பை அவர் அறியாதவர் அல்லர். 1966இல் பம்பாய் வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர் அவர். அக்கருவியில் தாம் தேர்ச்சி பெற இயலாது என உணர்ந்து 1968 அளவில் அதனைக் கைவிட்ட பின்னும், ரவிசங்கரைத் தம் ஆசான் என வாழ்நாள் முழுதும் போற்றினார். சிதார் கற்கும்போது வழியைப் போற்றிய ஒருவர் மோக் கருவியின்முன் அதனை மறந்ததேன் என்பதே ஆழ்ந்து நோக்கத்தக்கது.

விடை பதிவு நாடாவின் இயல்பில் உள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம் கற்பித்தலை நுவல்வோனுக்கும் கொள்வோனுக்கும் இடையிலான உறவாகக் காண்கிறது. சிதாரில் ஒரு மீட்டலைப் பெற வேண்டுமாயின் கொள்வோன் பல ஆண்டுகள் அமர வேண்டும். விரல் வலிக்க வேண்டும். பெற்றபின் அது அவன் விரலில் வேறொன்றாக மாறியிருக்கும். அவ்வுழைப்பே அவனைக் கடனாளி ஆக்குகிறது. யாரிடம் கற்றான் என்பதை அவன் உடல் மறவாது. நாடாவுக்கு இவ்வுழைப்பு வேண்டியதில்லை. கொள்வோன் கற்பதற்கு முன்பே அது ஒலியைக் கொண்டுவிடுகிறது. கற்காமல் பெற்ற பொருளில் கற்பித்தவரின் நினைவு ஒட்டுவதில்லை. ஹாரிசனின் பிழை தனிமனிதரின் பேராசையிலிருந்து பிறந்தது என்பதைவிட, கற்றலுக்கும் கைக்கொள்ளலுக்கும் இடையே இருந்த நெடிய தொலைவை ஒரு பொறி அழித்துவிட்டதால் நேர்ந்தது எனக் கொள்வதே பொருத்தம். ஆயினும் இது பிழைக்கு விளக்கமேயன்றி விலக்கு ஆகாது. பொறி எளிதாக்கும் இடத்தில்தான் மனிதர் கூடுதலாகக் கேட்டுப் பெற வேண்டும்.

முடிவுரை

மேற்கூறிய ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பிறர் ஆக்கத்தைத் தழுவுதல் தன்னளவில் குற்றமன்று. தழுவாத ஆக்கம் அரிது. எடுத்ததன் அளவும் ஒப்புமையின் நெருக்கமும் மட்டும் குற்றத்தைத் தீர்மானிக்கமாட்டா. கொடுப்போரின் இசைவும் வழியின் வெளிப்படையான அறிவிப்பும் சேர்ந்தே கடனைக் கவர்விலிருந்து பிரிக்கின்றன. அவ்விரண்டனுள் இசைவே முந்தியது. ஒப்புமையை அளக்கும் சட்டம் இசைவின்மையைப் பல வேளைகளில் காணத் தவறுகிறது. அந்த இடைவெளியில் அறமே துணை.

கிரவுஸ் பிற்காலத்தில் இசைக்கூடங்களை விட்டு நீங்கி, காடுகளிலும் கடலோரங்களிலும் உயிரினங்களின் ஒலிகளைப் பதிவுசெய்யும் ஆய்வாளரானார். 5,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அவர் பதிவுகள் இன்று ஒலிச்சூழலியல் துறைக்கு அடிப்படைகளுள் ஒன்றாக உள்ளன. நாடாவால் தம் ஒலியை இழந்தவர் நாடாவைக் கைவிடவில்லை. இசைவு தர இயலாத உயிர்களின் குரலைப் பதிவோர் செய்யக்கூடியது, குரலுக்குரிய உயிரையும் நிலத்தையும் காலத்தையும் சொல்லிவைத்தல் ஒன்றே. தமிழ்ப் புலவர் கூறிய 'வழி' அங்கும் தேவைப்படுகிறது. 2001இல் மறைந்த ஹாரிசனின் அத்தட்டு, 2014இல் அவருடைய தொடக்ககாலத் தட்டுகளின் தொகுப்பில் ஒன்றாக மறுபதிப்புப் பெற்றது.

இன்று மறைந்த பாடகர்களின் பதிவுகளைக் கணினி நிரலுக்குள் செலுத்தி, அவர்கள் பாடாத பாட்டை அவர்கள் குரலில் பாடவைக்க இயல்கிறது. 1968இல் ஓர் இரவில் ஒரு நாடா செய்ததை இந்நிரல்கள் நாள்தோறும் செய்யக்கூடும். எனவே, ஓர் ஒலியைக் கேட்டு மகிழும் முன் அது எவர் வழி வந்தது, அவர் இசைந்தாரா என வினவும் பழக்கம் கேட்போரிடத்தும் வளர வேண்டியுள்ளது. சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. அங்கு அச்சொல் நூலைக் கேட்டற்குரியாரைக் குறிக்கிறது. வழியை வினவாத கேட்போர் தமக்கு விதிக்கப்பட்ட அவ்விடத்தை முழுமையாக நிரப்பியவர் ஆகார்.